ஆராவமுதன் சொன்ன பத்து

ஜனவரி 26, வெள்ளி

ஆராவமுதன் சாரிடம் இந்த முறை மட்டும் நான் ஏன் கேட்கவில்லை? தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. புள்ளியியல் படித்தவள், தெரியாததற்கும் ஒரு உத்தேச எண் போட்டு வைப்பேன். இதற்குப் போட முடியவில்லை.

நேற்றுத் தைப்பூசம். மருதமலைக்கு நடந்துபோனவர்கள் எங்கள் வடவள்ளித் தெரு முழுக்கத் தண்ணீர் பாக்கெட்டுகளை விட்டுப் போயிருந்தார்கள். காலையில் கூட்டி அள்ளினேன். சிறுவாணித் தண்ணீர் வந்தது, தொட்டி நிரப்பினேன். அதற்குப் பிறகுதான் முந்தாநாள் தபாலில் வந்த சிற்றிதழைப் பிரித்தேன்.

எனக்கே தெளிவாக வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

'பாட்டுத் தராசு' இணையதளத்தை நடத்துபவன் குழந்தைவேல். கல்லூரியில் என்னிடம் படித்தவன். சினிமா அல்லாத தமிழ் ஆல்பங்களில் அந்த ஆண்டின் சிறந்த பத்தை ஒவ்வொரு டிசம்பரிலும் விமர்சகர்கள் பட்டியலிடுவார்கள். சிலர் பத்திரிகையில், சிலர் யூடியூபில், சிலர் பேஸ்புக்கில் யாரையாவது திட்டுவதற்கு நடுவில். அவற்றையெல்லாம் திரட்டி ஒரே தரவரிசையாக ஆக்குவது என் வேலை. ஒருவர் முதலிடம் கொடுத்த ஆல்பத்துக்குப் பத்துப் புள்ளி, அடுத்ததற்கு ஒன்பது, கடைசிக்கு ஒன்று. வரிசை சொல்லாமல் வெறுமனே பத்துப் பெயர் கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் பட்டியலில் எல்லா ஆல்பத்துக்கும் சமமாக ஐந்தரை. இந்த ஐந்தரை விதி நான் எழுதியது. தளத்தின் அடியில் என் பெயரோடு இருக்கிறது.

பாட்டைப் பத்தால் அளக்க முடியும் என்று நான் நம்பியதில்லை. அளப்பதென்றால் ஒழுங்காக அளக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இந்த விமர்சகர்களில் மூத்தவர் ஆராவமுதன் சார், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. டிசம்பர் கடைசியில் நான் போன் செய்வேன், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். எல்லா வருடமும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "சார், இது வரிசையா, சும்மாவா?" இந்த முறை கேட்கவில்லை. முதலில் சொன்ன 'சிக்னல்' ஆல்பத்துக்குப் பத்து போட்டேன். கடைசியில் சொன்ன 'மாடிக்கொடி'க்கு ஒன்று.

இன்று பிரித்த இதழில் அவருடைய கட்டுரை இருக்கிறது. அதே பத்து, அதே வரிசை. மேலே ஒரு வாக்கியம்: வெளிவந்த மாதப்படி தருகிறேன், எது உசத்தி என்று சொல்ல நான் யார். 'சிக்னல்' ஜனவரியில் வந்தது. 'மாடிக்கொடி' டிசம்பரில்.

ஐந்தரை போட்டு மறுபடி கூட்டிப் பார்த்தேன். நாங்கள் மூன்று வாரத்துக்கு முன் வெளியிட்ட தரவரிசையில் 'சிக்னல்' முதலிடம், 'மாடிக்கொடி' இரண்டாமிடம். சரியாகப் போட்டிருந்தால் தலைகீழ்.

மதியம் ரசமும் வாழைக்காய் வறுவலும். ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜனவரி 27, சனி

ஆராவமுதன் சாருக்குப் போன் செய்தேன். கட்டுரை நன்றாக இருந்தது என்று ஆரம்பித்தேன். அது பொய்யில்லை.

"மங்கையா? சொல்லும்மா. கட்டுரையில எழுத்துப்பிழை பாத்தியோ? மூணு எடத்துல. ப்ரூஃப் பாக்கறவன் காதுல பாட்டு மாட்டிண்டு பாக்கறான் போல."

"சார், டிசம்பர்ல எனக்குச் சொன்னதும் மாச வரிசைதானா?"

"ஆமா. டயரியப் பாத்துதானே படிச்சேன். நீதான் வருஷா வருஷம் கேப்பியே, வரிசையா சும்மாவான்னு. இந்தத் தடவை கேக்கல. கொழந்தைக்கு நம்ம வழக்கம் பழகிடுத்துன்னு நெனச்சுண்டேன்."

நாற்பத்தெட்டு வயதில் என்னைக் குழந்தை என்று சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம்.

"கேட்டிருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க?"

"சும்மான்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு எதுக்கு வம்பு?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒனக்கு மட்டும் சொல்றேன். அந்தக் கடைசிப் பொண்ணு இருக்கா பாரு, மாடிக்கொடி, அவளை யாராவது ஒசத்திப் பிடிச்சா எனக்குச் சந்தோஷம்தான். ஏன், ஏதாவது தப்பாயிடுத்தா?"

"இல்லை சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது தெரியும். அதை எழுதவேண்டியதில்லை.

ஜனவரி 29, திங்கள்

பேக்கரிக்கு மேல் மாடியில் குழந்தைவேலின் ஆபீஸ். பஃப்ஸ் வாசனையில் எதையும் தீவிரமாகப் பேச முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், ஒரு விசேஷமுங்க! மலேசியாவுல ஈப்போ தெரியுமில்ல? அங்க ஒரு தமிழ் இசைச் சங்கமுங்க. சித்திரைக்குக் கச்சேரி வெக்கறாங்க. நம்ம தராசுல ஃபர்ஸ்ட் வந்தவங்களக் கூப்பிடறாங்க. டிக்கெட்டு, தங்கறது, அல்லாம் அவங்க செலவு. அங்க போய்ட்டு வந்தா சிங்கப்பூர்க்காரன் கூப்புடுவான், சிலோன்காரன் கூப்புடுவான். இந்தப் பசங்க எங்கியோ போயிருவாங்க. எட்டாந்தேதிக்குள்ள பேரு அனுப்போணும்."

சொன்னேன். அவன் கட்டுரையைப் படிக்கவில்லை, நான் கூட்டிய தாளை மட்டும் பார்த்தான். கெட்டிக்காரன், உடனே புரிந்துகொண்டான்.

"இது எத்தன பேருக்குத் தெரியுங்க மேடம்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

"அப்ப உடுங்க."

"தப்பு இருக்கே, குழந்தை."

"மேடம், நாம என்ன எலெக்சனா நடத்தறோம்? வெறும் பாட்டு. ஃபர்ஸ்ட்டும் செகண்டும் ஒட்டி ஒட்டித்தான் இருக்குது. இப்ப மாத்துனா, போன வருசமும் இப்பிடித்தான் போட்டீங்களான்னு கேப்பாங்க. அதுக்கு முந்துன வருசம்? ஒரு செங்கல்ல உருவப் போயி சொவரே வந்துருமுங்க. ஒரு டீ சாப்புடறீங்களா?"

டீ சாப்பிட்டேன். தளம் அவனுடையது, முடிவும் அவனுடையது. நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 31, புதன்

சிலிண்டர் வந்தது. பழைய புடவை இரண்டை அனாதை இல்லத்துக்கென்று எடுத்து வைத்தேன். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

சரி, எழுதுகிறேன். இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

'மாடிக்கொடி'யைப் பாடி இசையமைத்த பெண்ணின் பெயர் நறுமுகை. இருபது வயது. அவளுடைய அப்பா சிவானந்தம், பல்கலைக்கழகத்தில் என்னோடு புள்ளியியல் படித்தவர். இரண்டு வருடம் என் கணவராக இருந்தார். பிறகு இல்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். நான் மோர் ஊற்றினேன். இவ்வளவுதான் விஷயம். ஆறிப்போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆகவே அந்தப் போன் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆராவமுதன் சார் பேச ஆரம்பித்தபோது அடுப்பில் பால் இருந்தது. அவசரம். அதனால் கேட்கவில்லை.

பால் இருந்தது என்பது உண்மை. ஒன்பது பெயர் எழுதும்வரை பால் ஞாபகமாகவே இருந்தேன். பத்தாவதாக அந்தப் பெயர் வந்தபோது பாலை மறந்துவிட்டேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்க வெகுநேரம் ஆனது. துடைக்கும்போது நான் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தேன். அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

டிசம்பரில் பத்திரிகையில் அந்தப் பெண்ணின் படம் வந்தது. முகவாய் அவருடையது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஆல்பத்தை நான் கேட்டதில்லை. என் வேலைக்குக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. நான் பட்டியல்களைக் கூட்டுகிறவள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மாலையில் வாசலில் இரண்டு பைக். 'சிக்னல்' ஆல்பம் செய்த பையன்கள், மூன்று பேர். போத்தனூர் ரயில்வே காலனிக்காரர்கள். அவர்களில் டெரிக் என்பவன்தான் பாடுகிறவன். தாத்தா என்ஜின் டிரைவராம். கையில் ஒரு பெரிய கேக் பெட்டி. குழந்தைவேல் முகவரி கொடுத்திருக்கிறான்.

"ஆன்ட்டி, உள்ள வரலாமா? செருப்பு அழுக்கு, இங்கயே நிக்கிறோம்."

"வாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"எங்கம்மா குடுத்துவிட்டாங்க. ப்ளம் கேக். கிறிஸ்மஸ்ஸுக்கு ஊற வெச்ச பழத்துல மிச்சம். இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் மிச்சம் வெச்சிருந்தேன்னு சும்மா அடிச்சு விடறாங்க."

"டேய், அடிச்சு விடறது உங்க குடும்பத்துக்கே வரும்டா" என்றான் இன்னொருவன். "ஆன்ட்டி, இவன் ஈப்போல இங்கிலீஷ்ல பேட்டி குடுக்கப் போறானாம். இவன் இங்கிலீஷ் கேட்டா இவங்க தாத்தா கல்லறைல இருந்து எந்திரிச்சு வருவாரு."

"ஆன்ட்டி, நிஜமாச் சொல்லுங்க, எப்படி எங்களுக்கு ஃபர்ஸ்ட் வந்துச்சு? எங்களாலயே நம்ப முடியல" என்று டெரிக் கேட்டான். "நாங்க மாடிக்கொடிக்குத்தான் வரும்னு நெனச்சோம். செம ஆல்பம் ஆன்ட்டி அது. நறுமுகை போன் பண்ணி வாழ்த்து சொல்லிச்சு. நல்ல பொண்ணு. பாஸ்போர்ட் எடுத்து ரெடியா வெச்சிருந்திச்சாம், ஒரு நம்பிக்கைல."

"கூட்டினால் வந்தது" என்றேன்.

கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டேன். மீதியைப் பக்கத்து வீட்டு சரோஜாக்காவிடம் கொடுத்தேன். "என்ன விசேஷம் கண்ணு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்னும் நேரம் இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

தலைவலி. மின்கட்டணம் கட்டினேன். தையல்காரரிடம் ரவிக்கை வாங்கினேன், தோளில் இறுக்கம், திருப்பிக் கொடுத்தேன். கறிவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றினேன்.

மூன்று மணிக்குக் குழந்தைவேலிடமிருந்து செய்தி வந்தது: ஈப்போவுக்குப் பெயர் அனுப்பியாயிற்று. பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"வணக்கமுங்க. நான் சிவானந்தம் பேசறேன்."

கீரையை மடியில் வைத்துக்கொண்டே, "சொல்லுங்க" என்றேன்.

"தொந்தரவு பண்ணிட்டனுங்களா? நம்பர் பழைய கிளாஸ் க்ரூப்புல கெடச்சுது." பேச்சின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்தப் பழக்கம் அன்றும் உண்டு, வாக்கியம் முடிவதற்கு முன்பே மூச்சு வாங்குவார். "நறுமுகை என் பொண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"தராசுல நீங்கதான் கணக்குப் போடறீங்கன்னு அடியில பேரு பாத்தேன். அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. பாப்பாகிட்டயும் சொல்லல. நம்ம பழைய கதையால அவளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதேன்னு... ரெண்டாவது வந்துது. அப்பத்தான் எனக்கே வெக்கமாப் போச்சு. உங்களத் தப்பா நெனச்சிட்டேன். நீங்க எப்பவுமே கணக்குல நேர்மைங்க. அதச் சொல்லோணும்னுதான் கூப்ட்டேன்."

நீங்க, நீங்க என்றே பேசினார். அந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட என்னை அப்படி அழைத்ததில்லை.

"மலேசியா போகாததுல வருத்தந்தானுங்க அவளுக்கு. ரூமச் சாத்திட்டு இருந்தா. ஆனா மார்க்குப் போட்டது சரியாத்தான் இருக்கும்னு நான் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சவங்கதான், தப்புப் பண்ண மாட்டாங்கன்னேன்."

நன்றி என்றோ இல்லை என்றோ நான் ஏதோ சொன்னேன். சரியாக நினைவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தேன். முடித்தபின் பார்த்தால் இலையைக் குப்பையிலும் தண்டைப் பாத்திரத்திலும் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 10, சனி

திருத்தம் எழுதிவிட்டேன். ஐந்து வரி. விமர்சகர் ஒருவரின் மாத வரிசையைத் தரவரிசையாக எடுத்துக்கொண்டது என் பிழை. சரியான கணக்கில் 'மாடிக்கொடி' முதலிடம், 'சிக்னல்' இரண்டாமிடம். 'மாடிக்கொடி' கலைஞரின் தந்தை என் முன்னாள் கணவர் என்பதைத் தளத்துக்கு நான் முன்பே தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. கீழே என் பெயர்.

மூன்றாவது வாக்கியத்தை நான்கு தடவை அழித்தேன். "தனிப்பட்ட அறிமுகம்" என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நேர்மையான சொல்போலவே இருந்தது. அழித்துவிட்டேன்.

தளத்தின் கடவுச்சொல் என்னிடமும் இருக்கிறது. நாளை காலை ஆறு மணிக்குத் தானாக ஏறும்படி வைத்திருக்கிறேன். குழந்தைவேலிடம் கேட்கவில்லை, கேட்டால் டீ வாங்கிக் கொடுப்பான், நான் குடித்துவிடுவேன். ஈப்போக்காரருக்கு மட்டும் இரவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

நாளை என்ன நடக்கும் என்று இங்கேயே எழுதி வைக்கிறேன், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தைவேல் கத்துவான். பேஸ்புக்கில் என்னைக் கிழிப்பார்கள். டெரிக்கின் அம்மா கேக்குக்காகச் சாபம் கொடுப்பார். சிவானந்தம் கூப்பிட்டு, அன்று மோர் ஊற்றியபோது நான் கேட்காமல் விட்டவை எல்லாவற்றையும் சேர்த்து அவர் என்னைக் கேட்பார். அந்தப் பெண் ஈப்போ போவாள்.

கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்றவை என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

நடந்தது இது.

ஆறு மணிக்குத் திருத்தம் ஏறியது. மதியம்வரை மூன்று பேர் கருத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார், யாருக்கென்று தெரியவில்லை. ஒருவர் போன வருடப் பட்டியலின் இணைப்பு வேலை செய்யவில்லை என்றார். மூன்றாமவர், தரவரிசை என்பதே மோசடி என்றார். அதை நானே எழுதியிருக்கலாம்.

குழந்தைவேல் கத்தவில்லை. "தப்பு நடந்துதுன்னு சொன்னீங்க மேடம். அந்தப் பொண்ணு உங்களுக்கு யாருன்னு சொல்லலியே" என்றான். "அதச் சொல்லியிருந்தா அன்னைக்கே நான் டீ வாங்கிக் குடுத்திருக்க மாட்டனுங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க." ஒன்பதரைக்குத் தளத்துக்குள் போகப் பார்த்தேன். கடவுச்சொல் மாறியிருந்தது.

பதினொரு மணிக்கு ஈப்போவிலிருந்து சங்கத்துச் செயலாளர் தேவராஜூ கூப்பிட்டார். "அக்கா, மெயில் பாத்தேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கச்சேரி பெர்மிட்டுக்கு வெள்ளிக்கெழமையே கவர்மெண்டுக்குப் பேரு போயிருச்சு லா. இனி மாத்தினா ஷோவே போயிரும். வியாழன் சொல்லியிருந்தாக்கூட மாத்தியிருப்பேன் அக்கா. ஒரு போன்தான்."

டெரிக் போன் செய்தான். "ஆன்ட்டி, நாங்க போலாமா, போகக் கூடாதா? நீங்க சொல்றதச் செய்றோம்." போங்க என்றேன். "ரெண்டாவதும் நல்ல நம்பர்தான் ஆன்ட்டி" என்று சிரிக்கப் பார்த்தான். சரியாக வரவில்லை. அவன் அம்மா சாபம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நாலு மணிக்கு நறுமுகை.

"நீங்கதான் மங்கையர்க்கரசிங்களா? அப்பா காலைல திருத்தத்தக் காட்டினாரு. காட்டிட்டு வெளிய போயிட்டாரு, இன்னும் வரல."

மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்திருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் வாசிப்பதுபோல இருந்தது.

"தப்பா எழுதினது பரவால்லங்க. யாரும் எழுதலாம். உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ஜனவரி இருபத்தாறு."

அவளுக்குப் பின்னால் எங்கோ குக்கர் விசில் கேட்டது.

"அப்ப பேரு அனுப்புன எட்டாந்தேதிக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என் பாட்டக் கேட்டிருக்கீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றேன்.

"கேக்காமயே ரெண்டாவதாப் போட்டீங்க. இப்பக் கேக்காமயே ஃபர்ஸ்ட்டுலயும் போட்டுட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

முதல் நாள் இங்கே எழுதிய கேள்விக்கு இன்றும் பதில் தெரியவில்லை. அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தெரிந்ததைத்தான் கேட்டாள்.

சிவானந்தம் கூப்பிடவில்லை.

ஐந்தரைக்கு மாடியில் துணி எடுக்கப் போனேன். போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்து 'மாடிக்கொடி'யைப் போட்டேன். முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதது பாட்டாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாவது பாட்டில், ஒரு வரி முடிவதற்கு முன்பே அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். நிறுத்திவிட்டேன். துணியை மடித்தேன். பிறகு அந்த இடத்திலிருந்தே மறுபடி போட்டேன்.